மருத்துவிச்சியும் கழியொலியும்

உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயிலும் எம் மாணவர்கள் ‘கழியொலி’ என்ற சொல்லை நன்கறிவர். மனிதச் செவி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்க வல்லது. அதற்கு மேற்பட்ட ஒலியே கழியொலி. இறக்காமத்து மாணவி ஒருத்தி காலையில் அந்தச் சொல்லைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறாள். அதே நாளில் நிறைமாதத்தை நெருங்கும் அவளுடைய ராத்தா, அம்பாறைக்கோ அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ பஸ் ஏறிச் சென்று, அதே கழியொலியால் வயிற்றைச் சோதித்துக்கொள்கிறாள். ஊரார் அதனை ‘ஸ்கேன்’ என்பர். தங்கை எழுதிய சொல்லும் ராத்தா படுத்த கட்டிலும் ஒரே பொருளைப் பற்றியவை. எனினும் அந்தத் தங்கை நாளை அக்கட்டிலின் மறுபக்கத்தில், கருவியைப் பிடித்தவளாய் அமர்வதற்கு வழி உண்டா? இக்கேள்விக்கு விடை காண முயலும் நாம் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இது ஒரு கருவியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அறிவு யாருடைய கையில் இருக்கவேண்டும் என்ற பழைய கேள்வியின் புதிய வடிவமாகும்.

இறக்காமம் குளமும் வயலும் சூழ்ந்த ஊர். அம்பாறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, கடலைவிட நெல்லையே நம்பி வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் வாழிடம். இத்தகைய ஊர்களில் பிள்ளைப்பேறு நெடுங்காலம் வீட்டு அறைக்குள்ளேயே நிகழ்ந்தது. ‘ஒஸ்தா மாமி’ என்றும் ‘மருத்துவிச்சி’ என்றும் அழைக்கப்பட்ட பெண்களே அதனை நடத்தி வைத்தனர். அவர்களுக்கு ஏட்டுக் கல்வி இல்லை. அனுபவ அறிவு இருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்துப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லும் கைப்பழக்கம் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. ஆனால் அந்தக் கைக்கும் எட்டாத இடம் ஒன்று இருந்தது. கருப்பையின் வாயை மூடிக் கிடக்கும் நச்சுக்கொடியை அது அறியாது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று மற்றொன்றின் பின்னே மறைந்து கிடப்பதை அது தவறவிடக் கூடும். அந்த அறியாமையின் விலையைத் தாய்மாரே கொடுத்தனர். 1930களில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் என்ற கணக்கு. அண்மைக் காலத்தில் அத்தொகை 30 அளவுக்கு இறங்கியுள்ளது.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றல்ல. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், இலவசக் கல்வி, பெண்கள் எழுத்தறிவு பெற்றமை ஆகிய யாவும் அதில் பங்கு கொண்டன. எனினும் ஒரு காரணத்தை இங்கே தனியே எடுத்துக் கூறுதல் தகும். 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அதன் வழியே, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்களின் படலை வரை சென்றனர். சாதாரண குடும்பங்களில் பிறந்த பெண்கள், பல்கலைக்கழக வாசலை மிதியாதவர்கள், 18 மாத அளவான முறையான பயிற்சியைப் பெற்று ஒரு நாட்டின் மரணக் கணக்கையே மாற்றியமைக்கத் துணைநின்றனர். மருத்துவப் பட்டம் பெற்றோர் தொகை பெருகட்டும் என்று இந்நாடு காத்திருக்கவில்லை. தேவையான அறிவின் ஒரு கூற்றைப் பிரித்தெடுத்து, அதனைக் கற்கத்தக்க பெண்களிடம் துணிந்து ஒப்படைத்தது. எமது சமூக வரலாற்றில் இது சிறிய சாதனையன்று.

இதற்கும் முன்னரே தமிழ் பேசும் மக்களிடையே மற்றொரு முயற்சி நடந்ததை எம் மாணவர்கள் மறத்தலாகாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்குக் கிடைத்த பயன் குறைவு. இதனைக் கண்ட கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் கணிப்பு. அதற்கென உடற்கூற்றியலும் இரண வைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின. மோன்செல் என்பவரின் மகப்பேற்று நூல் 1857இலேயே தமிழில் வெளிவந்தது. சிப்பாய்க் கலகம் மூண்ட அதே ஆண்டில், மேனாட்டுப் பிரசவ மருத்துவத்தைத் தமிழில் வாசிக்க முடிந்தது என்பது இன்றும் வியப்புத் தருவது.

கிறீனின் முயற்சியை நாம் கண்மூடிப் போற்றவேண்டியதில்லை. மதம் பரப்பும் நோக்கம் அதன் பின்னணியில் இருந்தது. பிரசவ நூல் தமிழில் வந்தபோதும், பிரசவம் பார்த்து வந்த மருத்துவிச்சி அந்த வகுப்பில் இருக்கவில்லை, ஆண்களே இருந்தனர். அறிவு மொழியின் வேலியைத் தாண்டியது. பால் வேலியைத் தாண்டவில்லை. பின்னர் களுத்துறை வழியே வந்த மருத்துவமாதர் இயக்கம் பால் வேலியைத் தாண்டியது. இவ்விரு பாடங்களையும் மனத்திற் கொண்டு, கழியொலியின் கதைக்கு வருவோம்.

கழியொலி மருத்துவத்துக்கென்று பிறந்ததன்று. 1880இல் பிரான்சில் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள், சிலவகைப் பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் போல் லாங்ஜெவன் அப்பளிங்கைப் பயன்படுத்திக் கழியொலியைக் கடலுள் செலுத்தினார். போர் தந்த இக்கருவியைப் பின்னர் ஆலைகள் ஏற்றன. இரும்பில் வெளித்தெரியாத வெடிப்பு உண்டோ என்று எதிரொலியால் சோதித்தனர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கப்பலும் கொதிகலனும் செய்த தொழிலாளர் நகரம். அங்கே மகப்பேற்றுப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்ட், 1955இல் அறுவையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, றென்பிறூவில் இருந்த பாப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொதிகலன் ஆலைக்குச் சென்றார். இரும்பின் குறையைக் காணும் கருவி தசையின் குறையையும் காணுமா என்பதே அவர் கேள்வி. காணும் என்று தெரிந்தது. கெல்வின் அன்ட் ஹியூஸ் தொழிற்கூடத்து இளம் பொறியியலாளர் டொம் பிறவுண், மருத்துவர் ஜோன் மக்விக்கார் ஆகியோர் அவருடன் சேர்ந்தனர். மூவரும் எழுதிய ஆய்வுரை 1958 ஜூனில் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றத்தக்க நீர்க்கட்டியே என்பதைக் கழியொலி காட்டியதும், அவள் பிழைத்ததும் அக்காலத்தில் நடந்தவையே.

இக்கருவியின் தேவையை உணர்த்திய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டதிலிருந்து, கருவுற்ற தாயின் வயிற்றையும் அக்கதிரால் படம்பிடிக்கும் வழக்கம் பரவியிருந்தது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த அலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரைத் தேடிச் சென்று விசாரிக்கச் செய்தார். கருவிலிருக்கும்போது எக்ஸ்-கதிர் பட்ட குழந்தைகளிடம் அந்நோய் மிகுந்திருப்பதை 1956இலும் 1958இலும் வெளியிட்டார். பலர் நம்ப மறுத்தனர். ஆயினும் உண்மை நிலைத்தது. தாய்மாரின் வாய்மொழியை அறிவியல் சான்றாக மதித்த ஒருவரால், கருவை எக்ஸ்-கதிரால் துருவும் பழக்கம் படிப்படியாய் ஒழிந்தது. அவ்விடத்தைக் கழியொலி நிரப்பிற்று.

கருவி வந்தது, அதனை யார் கையாள்வது? இங்கேதான் எமது பொருள் தொடங்குகிறது. எக்ஸ்-கதிர்ப் படம் ஒருமுறை எடுத்துவிட்டால் பலரும் பார்க்கக் கூடியது. கழியொலிப் படமோ கை அசையும்போதே உருவாவது. உடலினுள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் விரைகிறது. ஒவ்வோர் எல்லையிலும் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. காற்று இடைப்பட்டால் படம் அழியும். ஆதலால்தான் வயிற்றிற் களி பூசுகின்றனர். எலும்பும் பித்தக்கல்லும் தமக்குப் பின்னே இருளை வீழ்த்தும். அந்த இருளை நோயென்று மயங்குவோரும் உண்டு. அதுவே கல்லின் அடையாளமென்று அறிவோரும் உண்டு. ஆகவே ஒரே கருவி, ஒரே நோயாளி. பிடிக்கும் கை வேறானால் முடிவும் வேறாகலாம். பயிற்சிதான் இங்கே மருந்து.

ஐக்கிய அமெரிக்காவில் 1960களில் இப்பணியைச் செய்தோர் எக்ஸ்-கதிர் உதவியாளர்களும் தாதியருமே. வேலையிடத்திலேயே ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றனர். 1970இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனைத் தனித்தொழிலாக ஏற்றது. 1975இல் தேர்வு நடத்திப் பதிவு செய்யும் அமைப்புத் தோன்றியது. பின்னர் கல்லூரிகளில் ஓராண்டு முதல் நான்காண்டு வரையான பாடநெறிகள் அமைந்தன. ஒலியின் பௌதிகம், குறுக்குவெட்டு உடற்கூற்றியல், கருவின் அளவீடுகள், நோயாளியோடு பேசும் முறை, கண்காணிப்பின் கீழ் நெடுநாள் நேரடிப் பயிற்சி என்பன அப்பாடநெறியின் கூறுகள். பிரித்தானியாவிலும் கதிர்ப்படவியலாளர்களும் மருத்துவமாதரும் மேற்படிப்புப் பெற்று இத்தொழிலில் இறங்கினர். அங்கே அவர்களே ஸ்கேன் செய்து அறிக்கையும் எழுதுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 1998இல் கழியொலிப் பயிற்சிக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டு அதன் படிநிலைகளை வகுத்தது. 2016இல் அதே நிறுவனம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 24 வாரத்துக்கு முன் ஒரு முறையேனும் ஸ்கேன் செய்தல் வேண்டுமென்று பரிந்துரைத்தது. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் மருத்துவமாதருக்கே இப்பயிற்சி அளிக்கின்றனர். தொழிலாளரின் கருவியாயிருந்தது, தொழில்முறைப் பயிற்சியாளரின் கருவியாய் வளர்ந்த வரலாறு இது.

எமது நாட்டில் நிலை வேறு. இங்கே ஸ்கேன் கருவியைப் பிடிப்போர் பெரும்பாலும் மருத்துவர்களே. மகப்பேற்று நிபுணரும் கதிரியல் நிபுணரும் பல ஆண்டுப் படிப்பின் பின் அதனைச் செய்கின்றனர். அவர்களின் திறமையில் குறை காண்பது எம் நோக்கமன்று. ஆனால் நிபுணர் தொகை சிறிது. அவர்கள் தங்குவது பெரிய வைத்தியசாலைகளில். ஆதலால் வரிசை நீள்கிறது. வரிசையில் நிற்க முடியாதோர் தனியார் நிலையங்களிற் பணம் கொடுக்கின்றனர். நெல் அறுவடைக்கு முன் கையிற் காசில்லாத குடும்பத்துக்கு அந்தப் பணம் சிறியதன்று. அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. நாமறிந்த ஒரு தாய் அதனை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்கு வந்து, “இதில என்ன இருக்கு சேர்? புள்ளைக்கு ஏதும் குறையா?” என்று கேட்டாள். குறையேதும் இல்லை என்றே அத்தாள் கூறியது. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஓரிரவு உறங்காதிருந்தாள். அவளுடைய மொழியில், அவளுடைய இனப் பெண் ஒருத்தி, கட்டிலருகேயே அதனைச் சொல்லியிருந்தால் அந்த இரவு அவளுக்கு மிஞ்சியிருக்கும்.

வெட்கத்தின் பேரால் சோதனையைத் தள்ளிப்போடும் பெண்களும் எம்மிடையே உள்ளனர். அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது எளிது. ஆனால் முன்னைய தலைமுறையில் பேறு பார்த்தவர்கள் பெண்களே என்பதை நினைத்தால், பெண் கையையே அவர்கள் எதிர்பார்ப்பதில் வியப்பொன்றும் இல்லை. வியப்பு வேறொன்றில் இருக்கிறது: மருத்துவமாதை ஊருக்கு ஊர் அனுப்பிய ஒரு நாடு, அவளுடைய பையில் இந்தப் புதிய கருவியை வைக்க இன்னும் தயங்குவதே வியப்பு.

கற்க விரும்பும் மாணவிக்கு உள்ள வழி என்ன? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதிர்ப்படவியற் பட்டப்படிப்பு உண்டு; அதற்கு உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் நல்ல புள்ளிகள் வேண்டும்; படிப்பு ஆங்கிலத்தில். உயிரியற் பிரிவுக்கு வேண்டிய ஆய்வுகூடமும் ஆசிரியரும் ஊர்ப் பாடசாலையில் வாய்க்காதபோது, பிள்ளைகள் கரையோரத்துப் பெரிய கல்லூரிகளை நாடுகின்றனர். பெண்பிள்ளையாயின் அதற்கும் வீட்டில் தடை. பதின்மூன்று ஆண்டு தமிழில் கற்று, கழியொலியின் இலக்கணத்தைத் தமிழில் எழுதித் தேறியவள், அடுத்த படியிலேயே மொழியற்றவளாகிறாள். 1860களில் கிறீன் கண்ட உண்மை இன்றும் பழசாகவில்லை: ஊருக்கு அந்நியமான மொழியில் மட்டும் கற்பித்தால், கற்றவர் ஊரை விட்டு அகலும் வழியையே அது திறக்கும். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. கருவியும் ஆய்வுநூலும் ஆங்கிலத்தில் உள்ளன. அதனைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் ஆங்கிலம் வகுப்புக்குள்ளே கற்பிக்கப்பட வேண்டிய பாடமாக இருக்கட்டும். வகுப்பின் வாசலில் நிற்கும் காவற்காரனாக இருத்தல் ஆகாது.

பயிற்சியற்ற கையில் இக்கருவி சென்றால் தீங்கு நேரும் என்பர் சிலர். அது உண்மை. கருவியைப் பரப்பி அறத்தைப் பரப்பாவிட்டால் நேரும் தீங்குக்கு இந்தியாவே சான்று. அங்கே கருவிலுள்ளது பெண் என்று அறிந்து அழிக்கும் கொடுமைக்குக் கழியொலி துணையாக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண்பிள்ளைகள் 2001இல் 927 ஆகக் குறைந்தனர். தமிழ்நாட்டின் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததும், பெண் சிசுவை வேண்டாப் பொருளாக்கிய அதே சமூக நோயாலேயே. 1994இல் கருவின் பால் அறிதலைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்கேன் கருவிகள் பதிவுக்குள்ளாயின. கருவியைக் கையாளத்தக்கோர் யார் என்பதும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது.

ஆயினும் இதிலிருந்து சரியான பாடத்தைப் படித்தல் வேண்டும். அக்கொடுமையில் கருவியைப் பிடித்திருந்தோருள் பட்டம் பெற்ற மருத்துவரும் இருந்தனர். ஆகவே உயர்ந்த பட்டம் அறத்துக்கு உறுதியன்று. கொடுமையின் வேர் கருவியில் இல்லை. சீதனத்திலும் சொத்துரிமையிலும் இருந்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணமுடிக்கும் வழக்கமுள்ள எமது கரையோர மக்களும் இதனை அயலூர்க் கதையென்று தள்ளிவிடலாகாது. பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே கல்லும் சீமெந்தும் கணக்கிடத் தொடங்கும் தகப்பனின் கவலையை நாம் அறிவோம். ஆகவே எமது பயிற்சிக் கல்லூரியின் முதற் பாடம் பௌதிகமாக இருக்கட்டும். அதற்கு இணையான பாடம் அறமாக இருக்கட்டும். சட்டமும் கண்காணிப்பும் அதற்குத் துணை நிற்கட்டும்.

இனி, செய்யத்தக்கது யாது? 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஒலுவிலில் அதன் தலைமை வளாகமும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் உள்ளன. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும், அம்பாறையில் மாவட்டப் பொது வைத்தியசாலையும், அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் ஆதார வைத்தியசாலைகளும் இயங்குகின்றன. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் மருத்துவம் கற்பிக்கும் பீடமும் உள்ளன. இவையனைத்தும் ஒன்றிலிருந்து ஒன்று பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பௌதிகம் கற்பிப்போர் ஓரிடத்தில், நோயாளர் ஓரிடத்தில், கற்க வேண்டிய பெண்கள் வயலூர்களில். இவற்றை இணைக்கும் ஒரு டிப்ளோமாப் பயிற்சி, மருத்துவமாதருக்கும் தாதியருக்கும் கதிர்ப்படவியலாளருக்கும் உயிரியற் பிரிவில் தேறிய மாணவருக்கும் உரியதாக அமைதல் இயலாத காரியமன்று. தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம், ஆங்கிலத்தில் தொழிற்சொல், நிபுணரின் கண்காணிப்பு, ஐயம் எழுந்தால் நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் ஒழுங்கு ஆகிய நான்கும் அதன் தூண்களாகலாம். முதற்கட்டமாக மூன்றே காரியம் கற்பித்தாலும் போதும்: கருவின் வயதை அளத்தல், நச்சுக்கொடி கிடக்கும் இடத்தை அறிதல், பிள்ளை ஒன்றோ இரண்டோ என்று காணுதல். மருத்துவிச்சியின் கைக்கு எட்டாதிருந்தவற்றுள் முதன்மையானவை இவையே.

இதனை மருத்துவர்களுக்கு எதிரான கோரிக்கையாக எவரும் கொள்ளலாகாது. சாதாரண ஸ்கேன் சுமை குறையுமாயின், நிபுணர் சிக்கலான நோயாளியிடம் அதிக நேரம் செலவிடுவார். தம் தொழிலின் எல்லை சுருங்குமோ என்று அஞ்சுவோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: மருத்துவமாது கிராமத்துக்கு வந்ததால் எந்த மருத்துவருடைய பெருமையும் குறையவில்லை, குறைந்தது தாய்மாரின் மரணம்.

ஆசிரியர்களாகிய எமக்கும் இதில் வேலை உண்டு. கழியொலி பற்றிய பாடத்தை நடத்தும்போது வௌவாலையும் கப்பலையும் உதாரணம் காட்டி நிறுத்திவிடுகிறோம். கிளாஸ்கோவின் கொதிகலன் ஆலையையும் அலிஸ் ஸ்டூவர்ட்டின் விசாரணையையும் களுத்துறையிலிருந்து நடந்து வந்த மருத்துவமாதையும் அப்பாடத்தோடு சேர்த்துச் சொல்வோம். உயிரியற் பிரிவு என்றால் டொக்டர், இல்லையேல் தோல்வி என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, இடையே பல மதிப்பான தொழில்கள் உள்ளன என்பதை எடுத்துரைப்போம். பெற்றோரிடமும் பேசுவோம், பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் பேசுவோம். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டுமென்று விரும்பும் ஊர், அதற்குரிய பெண்களைப் படிக்க அனுப்பும் கடமையையும் ஏற்கத்தான் வேண்டும்.

இறக்காமத்து மாணவி தன் குறிப்புப் புத்தகத்தில் ‘கழியொலி’ என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழை இல்லை. வரைவிலக்கணமும் சரி. அந்தச் சொல்லுக்கு அடுத்த பக்கத்தை எழுதுவதற்கு அவளுக்கொரு கல்லூரி வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுதல் அவளுடைய வேலை மட்டுமன்று. எம் எல்லோருடைய வேலையுமாகும்.